சனிக்கு வைத்த வெல்டிங்

மலேசியாவில் கிள்ளான் பக்கம் இருக்கும் எங்கள் மேருவுக்கு வந்து யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். கோயில் முகப்பில் நிற்கும் இரும்பு வளைவைப் போட்டது யார்? மாரியப்பன். தமிழ்ப்பள்ளிக்கு சைக்கிள் கொட்டகை? மாரியப்பன். வெள்ளத்தில் கம்பத்துப் பாலம் (கம்பம் என்றால் இங்கே மலாய்க் கிராமம்) அடித்துக்கொண்டு போனபோது, மறுவாரமே மோட்டார் சைக்கிள் போகிற மாதிரி இரும்புப் பாலம் போட்டுக் கொடுத்தது? அதுவும் நான்தான். படித்த எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது எப்படி நிற்கிறது என்றே எனக்குப் புரியவில்லை" என்றார். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று என் மகள் தேவி திருத்துவாள்). வேலை கற்றுக்கொடுத்த சீன முதலாளி, எங்கள் தவுக்கே, நான் தனிக்கடை போட்டபோது, "ஆறே மாசம், மூடிவிட்டு வந்துவிடுவாய்" என்றார். இன்று அவர் மகன் வீட்டு வாசலில் நிற்பது என் கேட்.

என் வேலைக்கு ஒரே அடையாளம்தான். நான் வைத்தது ஆடாது. என் கேட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், உங்கள் தோள்தான் கழலும்.

அப்படிப்பட்ட நான் ஒருமுறை சனி கிரகத்துக்கு வெல்டிங் வைத்தேன். அந்த ஒன்றைத்தான் என் குடும்பம் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிச் சிரிக்கிறது. பாலத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

என் மனைவி பாக்கியத்துக்கு சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் பெண்கள் நாடகம் பார்ப்பார்கள். இவள் மற்றக் கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். யாரோ தமிழில் கிரகங்களைப் பற்றி விளக்கும் படங்கள். ஒன்றைத் தொட்டால் அடுத்ததை அதுவே கொண்டுவந்து கொடுக்குமாம். அப்படியே சூரியனிலிருந்து தொடங்கி நெப்டியூன்வரை போய்விட்டாள்.

காரில் திரும்பி வரும்போது எனக்குப் பாடம் நடக்கும். "என்னங்க, புளூட்டோவ கிரகம் இல்லேன்னு தள்ளி வச்சிட்டாங்களாம். பாவம்."

"ஏன், என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒரு தப்பும் இல்ல. சின்னதா இருக்குதாம். தன் பாதையில கெடக்குற மத்த கல்ல எல்லாம் ஒதுக்கித் தள்ளத் தெரியலையாம்."

இன்னொரு நாள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் கற்கள் சுற்றுவதைச் சொன்னாள். அவையெல்லாம் சேர்ந்து ஒரு கிரகமாகியிருக்கலாமாம். பக்கத்தில் வியாழன் என்ற பெரிய ஆள் இருந்து இழுத்துக்கொண்டே இருந்ததால் ஆகமுடியாமல் போயிற்றாம். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "சில வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள். அன்று நான் அதை வியாழனுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஆனால் அவள் உயிர் சனியிடம்தான் இருந்தது. ஊரே பயப்படுகிற சனி!

"தண்ணியில போட்டா மிதக்குமாங்க. அவ்வளவு லேசு."

"நம்ம தலையில உக்காந்தா மட்டும் ஏன் லா அந்தக் கனம் கனக்குது?"

சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்தால் நான் வண்டியை மெதுவாக ஓட்டுவேன். பிறகு சொன்னாள்: "படத்துல பாத்தது போதும். அந்த வளையத்த ஒரே ஒரு தடவ என் கண்ணால பாத்துட்டா நல்லா இருக்கும்."

பாக்கியம் என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. நகை கேட்டதில்லை, ஊருக்குக் கூட்டிப் போ என்று கேட்டதில்லை. கேட்ட ஒன்றும் இப்படிக் கோடிக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் ஸ்டியரிங்கைத் தட்டிச் சொன்னேன்: "சனிதானே? காட்டுறேன்."

தேவியோடு வேலை செய்யும் செந்தில் என்ற பையன் (கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருந்தான்) சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருந்தான். தேவி கேட்டவுடன், "அம்மாவுக்குத்தானுங்க, தாராளமா" என்று கொண்டுவந்துவிட்டான்.

 நான் அத்தோடு விட்டிருக்கலாம். பாக்கியத்தை உட்கார வைத்து, காட்டி, காப்பி கொடுத்து அனுப்பியிருந்தால் முடிந்தது. ஆனால் மாரியப்பன் ஒன்றைச் செய்தால் நாலு பேருக்குத் தெரியாமல் செய்வதா? கோயில் தலைவர் டத்தோவுக்குச் (அது சுல்தான் கொடுத்த பட்டம்) சொன்னேன். டத்தோ வருகிறார் என்றதும் கோயில் கமிட்டி முழுக்க வந்தது. புரட்டாசி சனிக்கிழமையாக நாள் குறித்தேன். சைவ மீஹூனும் (அரிசிச் சேமியாதான்) சுண்டலும் சொல்லியாயிற்று. என் பட்டறை அலுவலகத்துக்கு மேலே தட்டையான சிமெண்ட் தளம், அங்கே கூடாரம், மாலை, மைக். பாக்கியத்தால் படி ஏற முடியாது. அதற்கும் வழி செய்தேன். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஒரு மேடை அடித்து, நாலு பக்கமும் இடுப்பளவு கம்பி போட்டு, நடுவில் நாற்காலியை முடுக்கி வைத்தேன். டத்தோ மனைவிக்குக்கூட அந்த வசதி கிடையாது.

முதல் நாள், வெள்ளிக்கிழமை மாலை, செந்தில் ஒத்திகைக்கு வந்தான். அவனுடைய மூன்று கால் தாங்கியைப் பார்த்தேன். கொக்குக் கால். எங்கள் தெருவில் கொள்கலன் லோரி போகும்போதெல்லாம் அது நடுங்கியது, வானமும் கூடவே நடுங்கியது. தூக்கி ஓரமாக வைத்தேன். நான் முன்பே அடித்து வைத்திருந்த இரும்புத் தூணைத் தளத்தில் போல்ட் போட்டு இறக்கினேன். மேலே கீல், பிடி, எல்லாம் என் கை வேலை. செந்தில் ஆட்டிப் பார்த்தான். "அங்கிள், யானையக் கட்டலாமுங்க!" என்றான்.

தொலைநோக்கிக் குழாயை அதில் மாட்டித் திருப்பித் திருப்பி, எட்டரை மணிக்குச் சனியைப் பிடித்துவிட்டான். "நீங்க பாருங்க அங்கிள்."

"நாளைக்கு, எல்லாரும் பார்த்த பிறகு" என்றேன். வீட்டுக்காரன் கடைசியில்தானே சாப்பிட வேண்டும்?

அவன் கீழே போனான். நான் தூணைச் சுற்றி வந்து யோசித்தேன். நாளைக்கு ஐம்பது பேர் வருவார்கள். ஒருத்தன் முழங்கை பட்டால் போதும், குழாய் நகர்ந்துவிடும். பிடித்த சனியைப் பறிகொடுப்பதா? நான் ஒரு வேலையைப் பாதியில் விட்டவன் இல்லை. கண்ணாடிக்குச் சூடு படாமல் குழாயைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினேன். கீலிலும் குழாயைக் கவ்விய பிடியிலும் நாலு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்தேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. நாளைக்கும் எட்டரை மணிக்கு இதே இடத்தில் இருப்பான், நேராக டத்தோ கண்ணை வைக்கலாம். அப்படித்தான் நினைத்தேன். எட்டு மணி ரயில் நாளைக்கும் எட்டு மணிக்குத்தானே வருகிறது?

சனிக்கிழமை, கூட்டம் வந்தது. முதல் தொல்லை என் அக்கா வள்ளியம்மை. கையில் எள் விளக்கு.

"மாரி, புத்தி இருக்கா உனக்கு? சனீஸ்வரன நேருக்கு நேரா பாக்கக் கூடாதுன்னு கோயில்லயே பக்கவாட்டுல நின்னுதானே கும்புடுறோம்? நீ கண்ணாடி வேற வச்சுப் பெருசாக்கிக் காட்டுற!"

"அக்கா, இது கிரகம் லா. இது வேற."

"கிரகத்தத்தான் நானும் சொல்றேன்."

 கூட்டத்தில் பாதிப் பேர் அக்கா கட்சிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் ஒரு சமரசம்: பார்க்கிறவர்கள் தூணுக்கு நேரே நிற்காமல், பக்கத்தில் நின்று, கழுத்தை மட்டும் வளைத்துப் பார்க்கலாம்.

பாக்கியம் எட்டு மணிக்கே மேலே வந்துவிட்டாள். ஃபோர்க்லிஃப்ட்டை நான்தான் ஓட்டினேன். மாம்பழ நிறச் சேலை, துடைத்த மூக்குக் கண்ணாடி. ஒரு மடிப்புக் கலையாமல், அம்மன் தேரில் வருகிற மாதிரி ஏறினாள். தூணுக்குப் பக்கத்திலேயே அவளுக்கு நாற்காலி. கையை நீட்டினால் குழாய் எட்டும்.

டத்தோ பேச ஆரம்பித்தார். சனி கிரகத்தில் தொடங்கி, சமுதாய ஒற்றுமைக்குப் போய், கோயில் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார். செந்தில் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு இன்னும் வரவில்லை. பாக்கியம் என் சட்டையை மெல்ல இழுத்தாள்.

"என்னங்க, ஒரு தடவ பாத்துக்கிறேனே. சத்தம் போடாம."

"இரு லா பாக்கியம். முதல் மரியாதை டத்தோவுக்கு. ரெண்டாவது நீதான்."

கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

(இந்த இடத்தில் குடும்பத்தார் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் இந்த ஒரு வரி வரும்போது எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.)

சரியாக எட்டரைக்கு டத்தோவுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, தூணுக்கு அழைத்து வந்தேன். அவர் கழுத்தை வளைத்துக் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு நிமிர்ந்து மைக்கை வாங்கினார்.

"ஆஹா! என்ன ஒரு தேஜஸ்!"

கைதட்டல். அடுத்து டத்தோவின் மனைவி: "மோதிரம் பளிச்சுன்னு தெரியுது." செயலாளர்: "ரெண்டு மோதிரம்." பொருளாளர் கொஞ்சம் படித்தவர், அவருக்கு நிலாக்களும் தெரிந்தன. கமிட்டி முழுக்கக் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு போனது. என் அக்கா கண்ணை மூடிக்கொண்டே பார்த்துவிட்டு, "போதும்ப்பா, பயமா இருக்கு" என்றாள். நான் ஒவ்வொருவருக்கும் அந்தத் தூணின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாக்கியத்தின் முறை வந்தது (ரெண்டாவது அல்ல, பதினேழோ பதினெட்டோ). மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணை வைத்தாள். எடுத்தாள். துடைத்தாள். மறுபடி வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கூட்டம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

"நல்லா பாரு."

"நல்லாத்தாங்க பாக்குறேன். இருட்டுதான் இருக்கு."

அத்தனை பேரும் சுண்டல் தட்டைப் பார்த்தார்கள். டத்தோ, "அம்மாவுக்கு உடம்பு முடியல, கண்ணு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். "கண்ணு நல்லா இருக்கு டத்தோ" என்றாள் பாக்கியம். மரியாதையாகத்தான் சொன்னாள். பொருளாளர் மாலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். மாலை டத்தோ கழுத்தில் இருந்தது.

அப்போதுதான் செந்தில் மூச்சு வாங்க மேலே வந்தான். குழாயைத் திருப்பப் பார்த்தான். திரும்பவில்லை. குனிந்தான். என் பொட்டுகளைப் பார்த்தான்.

"அங்கிள்... இத எதுக்குங்க வெல்ட் பண்ணுனீங்க?"

"ஆடக் கூடாதுன்னு."

"அது ஆடாதுங்க அங்கிள். ஆனா பூமி சுத்துதுங்களே!"

பிறகு எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னான். நட்சத்திரமும் சனியும் ஒவ்வொரு நாளும் சுமார் நாலு நிமிடம் முன்னாடியே வந்துவிடுமாம். நேற்று எட்டரைக்கு நின்ற இடத்துக்கு இன்று எட்டு இருபத்தாறுக்கு வந்திருக்கிறான். குழாய்க்குள் ரெண்டு மூன்று நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதாவது, டத்தோ வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது. அதாவது, பாக்கியம் என் சட்டையை இழுத்தபோது.

கிரைண்டரை எடுக்க ஓடினேன். அதற்குள் மேருவின் மழை வந்துவிட்டது. எங்கள் பக்கத்து மழைக்கு அறிவிப்பெல்லாம் கிடையாது. கூடாரம் பறந்தது, மீஹூன் நனைந்தது, டத்தோ பொன்னாடையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் தார்ப்பாயை முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது பாக்கியத்திடம் இல்லை, தொலைநோக்கியிடம். அதையும் தேவி விடாமல் சொல்லிக்காட்டுவாள்.

மறுநாள் வெட்டி எடுத்துவிடலாம் என்றேன். செந்தில்தான் தடுத்தான். "கிரைண்டர் அதிர்வுக்குக் கண்ணாடி தாங்காதுங்க. அப்படியே விடுங்க அங்கிள். நாம அதத் தேடிப் போக வேண்டாம். மேகம் இல்லாத அன்னிக்கு அதுவே நாலு நாலு நிமிஷம் முன்னாடி இதே குழாய்க்குள்ள வரும்."

வெயிலும் மழையும் படாமல் குழாய்க்கு ஒரு தகர மூடி அடித்துப் போட்டேன். வெல்டிங் வைத்த என் புகழ் அதற்குள் கிள்ளான் தாண்டிக் காஜாங்வரை போயிருந்தது. காஜாங்கில் கறி சுட்டு விற்கும் சாத்தே கடையில் ஒருத்தர் என்னைப் பார்த்து, "அண்ணே, அடுத்து சூரியனா?" என்றார்.

மேகம் விலகவே இல்லை. தினமும் மாலையில் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்கு நடுவில் பாக்கியத்துக்கு நெஞ்சில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர்த்தோம். கட்டிலில் படுத்துக்கொண்டு, "இன்னிக்கு எத்தன மணிக்கு வருவாரு?" என்பாள். நான் செந்திலுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன். நேரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வந்துகொண்டிருந்தது. ரொம்ப முன்னே வந்தால் அந்தி வெளிச்சத்துக்குள் போய்விடும், அப்புறம் தெரியாது என்றான் செந்தில். அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று பகல் முழுக்க வெயில். காரில் வரும்போது பாக்கியம் கண்ணாடியை இறக்கி மேலே பார்த்தாள்.

"நேரா பட்டறைக்குப் போங்க."

"தேவி வீட்டுல சமைச்சு வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்கா. செந்திலையும் கூப்பிடுறேனே?"

"யாரையும் வேணாம். வந்தா வரட்டும். வரலேன்னா நீங்க இன்னொரு தடவ வெக்கப்பட வேணாம்."

பட்டறையில் ஆள் இல்லை. அவளை மேடையில் உட்கார வைத்து, சால்வையைச் சுற்றி, நானே தூக்கினேன். எத்தனையோ டன் இரும்பைத் தூக்கிய கை. அன்றைக்கு லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்தியது. மேலே ஏறித் தகர மூடியைக் கழற்றினேன். மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. தூணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தேன். மணி ஏழரை ஆகப்போகிறது (அவன் வேறு எந்த மணிக்கு வருவான்?).

அவள் கண்ணை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லோரிகள் போயின. தூண் அசையவில்லை.

"இருக்கா?"

"இல்ல."

கொஞ்சம் கழித்து, "இருக்கா?"

"பேசாம இருங்க."

பிறகு அவள் தோள் என் கைக்குள் ஒரு மாதிரி எழுந்தது.

"வந்துட்டாருங்க."

"எங்க? நடுவுலயா?"

"ஓரத்துல. நேரா வரல, ஓரமாவே போறாரு. உங்க அக்கா சொன்ன மாதிரி." சிரித்தாள். "மோதிரம் இருக்குங்க. சின்னதா. பக்கத்துல ஒரு புள்ளி. நிலா போல இருக்கு. நீங்க பாருங்க, சீக்கிரம் பாருங்க."

"நீ பாரு" என்றேன்.

"போயிடுவாருங்க, வாங்க."

"நீ பாரு, பாக்கியம். நீ பாரு."

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கண் மூடி, வாய் கொஞ்சம் திறந்து இருந்தது. பிறகு அவள் மெல்ல நிமிர்ந்தாள். "போயிட்டாரு" என்றாள்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை.

காரியம் முடிந்த பிறகு நான் இதைச் சொன்னேன். தேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிப்பா" என்றாள். அந்தச் "சரிப்பா"வை எனக்குத் தெரியும். படித்த எஞ்சினியர் என் பாலத்தைப் பற்றிச் சொன்னதை நான் எடுத்துச் சொல்லும்போதும் அவள் அதைத்தான் சொல்வாள். அக்கா, "உன் மனசு நோகக்கூடாதுன்னு பாக்கியம் சொல்லியிருப்பா, நல்ல மனசுக்காரி" என்றாள். வாழ்நாள் முழுக்கப் பத்தை நூறாக்கிச் சொன்னவன் நான். ஒன்றை ஒன்றாகச் சொன்னபோது வாங்க ஆள் இல்லை.

இப்போது அந்தத் தூணில் செந்தில் திரும்புகிற தலை ஒன்றைப் பூட்டிவிட்டான். மாதம் ஒருமுறை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வந்து நிலாவும் வியாழனும் பார்க்கிறார்கள். தூணில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது: டத்தோ திறந்து வைத்தாராம். வீட்டில் ஏதாவது சிக்கிக்கொண்டால், கதவோ, சாடி மூடியோ, "தாத்தா வெல்ட் வச்சிட்டாரா?" என்று பேரப்பிள்ளைகள்வரை கேட்கிறார்கள். கேட்கட்டும். கதை நல்ல கதைதான். ஆனால் அது முடிகிற இடம் தப்பு. அம்மா கடைசிவரை பார்க்கவே இல்லை என்று முடிக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். டத்தோ பார்த்தேன் என்றார், அவர் மனைவி பார்த்தேன் என்றார், கமிட்டி முழுக்கப் பார்த்தேன் என்றது. அத்தனை பேர் முன்னால், என் மானம் போகும் என்று தெரிந்தும், ஒன்றும் இல்லை என்று சொன்ன ஒரே ஆள் பாக்கியம். அப்படிப்பட்டவள், யாருமே இல்லாத இடத்தில் எனக்காகப் பொய் சொல்வாளா?

பெயர்த் தகடு அடிக்க எனக்குத் தெரியாமல் இல்லை. மேருவில் பாதிக் கேட்டில் என் பெயர் இருக்கிறது. ஆனால் இதை நானே அடித்தால் வீட்டில் மறுபடியும் "சரிப்பா" என்பார்கள். அதனால் கதையைக் கேட்ட நீங்கள்தான் அடிக்க வேண்டும். டத்தோ பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்குக் கீழே ரெண்டே வரி (ஒத்திகையில் செந்தில் பார்த்தது கணக்கில் இல்லை). இங்கிருந்து சனியை முதலில் பார்த்தவர் பாக்கியம். அது வரும்வரை குழாயை ஆடாமல் பிடித்து வைத்தவன் மாரியப்பன்.